நலிந்த இருதயமும் மாற்றுவழி அறுவைச் சிகிச்சையும்

மனித உடலில் கணப்பொழுதும் ஓய்வின்றி உழைக்கும் உறுப்பு இருதயம். நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை அது சுருங்கி விரிகின்றது. இந்த உழைப்புக்கு வேண்டிய பிராணவாயுவையும் ஊட்டப் பொருள்களையும் அது தன் அறைகளில் நிறைந்துள்ள இரத்தத்திலிருந்து நேரே பெற்றுக்கொள்வதில்லை. மகா தமனியின் அடிப்பகுதியில் தோன்றி, இருதயத்தின் மேற்புறத்தைச் சுற்றிப் படர்ந்திருக்கும் கொரோனரி தமனிகளே இருதயத் தசைக்கு இரத்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. இத்தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் பொருள் படிந்து வழி குறுகும்போது, ஊருக்கெல்லாம் நீர் இறைக்கும் இருதயம் தானே வறட்சிக்கு உள்ளாகின்றது.

அடைபட்ட இடத்தைத் தாண்டி இரத்தம் செல்லப் புதிய வழி அமைத்துத் தருவதே, மக்கள் பைபாஸ் என்று வழங்கும் மாற்றுவழி அறுவைச் சிகிச்சை. இருதயம் வலிவுடன் உள்ள நோயாளிக்கு இதனால் விளையும் நன்மைகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. ஆனால் மாரடைப்பினால் தசையின் பெரும்பகுதி சிதைந்து, இருதயமே நலிந்துவிட்டவருக்கு இதைச் செய்யலாமா? செய்தால் அவர் நெடுங்காலம் வாழ்வாரா, அன்றி அறுவையையே தாங்கமாட்டாது போவாரா? ஒவ்வொரு நாளும் எத்தனையோ குடும்பங்கள் மருத்துவர் முன் அமர்ந்து கேட்கும் கேள்வி இது. இதற்கு மருத்துவ அறிவியல் கண்டுள்ள விடையையும், அவ்விடை கிடைத்த விதத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

வலிவை அளக்கும் முறை

இருதயத்தின் நான்கு அறைகளுள் இடது கீழறையே உடல் முழுமைக்கும் இரத்தத்தைச் செலுத்துவது. அது விரிந்த நிலையில் கொள்ளும் இரத்தத்தில் எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகின்றது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுவர். இதனை வெளியேற்று விகிதம் எனலாம். நல்ல நிலையிலுள்ள இருதயத்தில் இவ்விகிதம் ஏறத்தாழ 55 முதல் 70 சதவிகிதம் வரை இருக்கும். முழுவதும் வெளியேறுவது என்பது ஒருபோதும் இல்லை. ஆதலின் அறிக்கையில் 60 என்று கண்டு எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. 35 சதவிகிதமும் அதற்குக் குறைவும் கடும் நலிவின் அடையாளம். அந்நிலையில் உள்ளவர் மாடிப்படி ஏறினால் மூச்சுத் திணறுவார்; கால்கள் வீங்கும்; இரவில் தலையணைகளை உயர்த்தி வைத்தாலன்றி உறக்கம் கொள்ளாது. எதிர்பாராத வேளையில் இருதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் பிரியும் அபாயமும் உண்டு.

மாற்றுவழி பிறந்த வரலாறு

1953-ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் தற்காலிகமாக ஏற்று நடத்தும் இயந்திரத்தின் துணையால், மனித இருதயத்தைத் திறந்து வெற்றியுடன் சிகிச்சை செய்தார். 1958-இல் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்பார் கொரோனரி தமனிகளுக்குள் நேரே சாயம் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் முறையைக் கண்டார். அடைப்பு எங்கே, எவ்வளவு என்பதைக் கண்ணால் காண வழி பிறந்தது. 1964-இல் லெனின்கிராடில் வாசிலி கொலெசோவ், மார்பின் உட்புறத் தமனியைக் கொரோனரி தமனியுடன் தைத்து இணைத்தார். 1967-இல் அர்ஜென்டீனாவில் பிறந்த ரெனே பவலோரோ, நோயாளியின் காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு மாற்றுவழி அமைக்கும் முறையைக் கிளீவ்லாந்தில் தொடங்கிப் பரப்பினார். இந்தியாவில் 1975-ஆம் ஆண்டு, சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இவ்வறுவையை முதன்முதலாகச் செய்தார்.

மார்பின் உட்புறத் தமனி, காலின் சிரை ஆகிய இரண்டும் இன்றும் பயன்படுகின்றன. சிரையால் அமைத்த வழி ஆண்டுகள் செல்லச் செல்ல அடைபடும் இயல்புடையது. மார்புத் தமனியால் அமைத்த வழியோ பத்தாண்டுகளுக்குப் பின்னரும் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றது. ஆதலின் இருதயத்தின் முன்புறத் தமனிக்கு மார்புத் தமனியை இணைப்பதே வழக்கமாயிற்று.

விடையின்றி நின்ற கேள்வி

இம்முறை பரவியபின், 1970-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் நடைபெற்றன. கேரளத்தில் பிறந்தவரான சலீம் யூசுப்பும் அவருடைய துணைவர்களும், அத்தகைய ஏழு ஆய்வுகளின் 2,649 நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டி 1994-இல் ஒருங்கே வெளியிட்டனர். அறுவைச் சிகிச்சை ஆயுளை நீட்டுகிறது என்பது அதனால் உறுதியாயிற்று. ஆயினும் அந்நோயாளிகளுள் வெளியேற்று விகிதம் 40-க்குக் குறைந்திருந்தோர் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே. மிகவும் நலிந்த இருதயம் உடையோரை ஆய்வாளர் பெரும்பாலும் விலக்கியே வைத்திருந்தனர். மேலும் அக்காலத்தில் மருந்துச் சிகிச்சை என்பது இன்றுள்ள மருந்துகள் பலவற்றை அறியாதது. ஆகவே எவருக்கு ஆபத்து மிகுதியோ, அவரைக் குறித்த சான்றே மிகக் குறைவாக இருந்தது.

மருத்துவர்களுடைய கருத்தும் இரண்டுபட்டிருந்தது. நலிந்த இருதயத்தைக் கத்தியின் கீழ் வைப்பது அபாயம் என்றனர் ஒரு சாரார். இரத்தம் பெறாது வாடும் தசைக்கு இரத்தம் அளிப்பதே முறை என்றனர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் நியாயம் இருந்தமையால், சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழியாயிற்று.

1,212 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு

அமெரிக்க தேசிய இருதய, நுரையீரல், இரத்த ஆய்வு நிலையத்தின் பொருளுதவியுடன் நடைபெற்ற இவ்வாய்வு ஸ்டிச் என்னும் சுருக்கப் பெயரால் வழங்குகிறது. இக்கேள்விக்கென 2002 முதல் 2007 வரை 22 நாடுகளில் 1,212 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். இந்தியாவும் அந்நாடுகளுள் ஒன்று. கொரோனரி நோயும், 35 சதவிகிதம் அல்லது அதற்குக் குறைந்த வெளியேற்று விகிதமும் உடையவரே இதில் இடம் பெற்றனர். 610 பேருக்கு மருந்துடன் அறுவைச் சிகிச்சை என்றும், 602 பேருக்கு மருந்து மட்டும் என்றும், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போன்ற முறையில் பிரிக்கப்பட்டது. மருத்துவரின் விருப்பு வெறுப்போ நோயாளியின் வசதியோ பிரிவினையில் புகாதிருக்கவே இம்முறை கையாளப்படுகிறது.

இரண்டு செய்திகளை வாசகர்கள் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, எல்லா அறுவை மருத்துவர்களும் இதில் அனுமதிக்கப்படவில்லை. விகிதம் 40-க்கு மேற்படாத நோயாளிகள் 25 பேருக்கேனும் இவ்வறுவையைச் செய்து, அவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு ஐவருக்கு மேற்படவில்லை என்று காட்டியவர்களே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். இரண்டாவது, இடது கொரோனரி தமனியின் தலைப்பகுதியிலேயே கடும் அடைப்பு உள்ளவர்களும், மருந்தை மீறிக் கடும் மார்வலி உள்ளவர்களும் சேர்க்கப்படவில்லை. அத்தகையோருக்கு அறுவை வேண்டும் என்பதில் முன்னரே ஐயம் இல்லை.

ஐந்தாண்டில் கிடைத்த விடை

2011-இல் முதல் முடிவுகள் வெளியாயின. சராசரியாக 56 மாதங்கள் கண்காணித்ததில், மருந்து மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 41 பேரும், அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 36 பேரும் இறந்திருந்தனர். அறுவையின் பக்கம் சாய்வு தெரிந்தபோதிலும், இத்துணை வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடும் என்று புள்ளியியல் கணக்கு கூறிற்று. பலர் இதனை ஏமாற்றமாகக் கருதினர்.

எண்களின் உட்புறத்தைக் கூர்ந்து நோக்கினால் ஏமாற்றத்தின் காரணம் புலனாகும். பிரிவினை செய்த நாளிலிருந்து முதல் முப்பது நாள்களுக்குள் அறுவைப் பிரிவில் 22 பேர் இறந்தனர். மருந்துப் பிரிவில் 7 பேரே இறந்தனர். அறுவைக்கு உட்பட்டவர் தொடக்கத்திலேயே ஒரு விலை கொடுக்கின்றார். அவ்விலை ஈடாவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. அதன்பின்னரே இரு பிரிவுகளின் நிலையும் மாறி, அறுவை பெற்றவர்கள் முந்தலாயினர். மற்றொரு காரணமும் உண்டு. மருந்துப் பிரிவில் இருந்தவர்களுள் நூற்றுக்குப் பதினேழு பேர் பின்னர் அறுவையை மேற்கொண்டனர். அறுவைக்குக் குறிக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு ஒன்பது பேர் அதனை மேற்கொள்ளவில்லை. இவ்வாறு இரு பிரிவுகளும் ஒன்றோடொன்று கலந்தமையால், உண்மையான வேறுபாடு மங்கித் தோன்றியிருக்கலாம்.

பத்தாண்டில் கிடைத்த விடை

ஆய்வாளர் கண்காணிப்பைக் கைவிடவில்லை. சுமார் பத்தாண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்து, 2016-இல் இரண்டாம் முறையாக முடிவுகளை வெளியிட்டனர். அப்போது மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 66 பேரும், அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 59 பேரும் இறந்திருந்தனர். இவ்வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது. இருதய, இரத்தக் குழாய் நோய்களால் மட்டும் நேர்ந்த மரணங்களைக் கணக்கிட்டால் மருந்துப் பிரிவில் 49, அறுவைப் பிரிவில் 40 என அமைந்தது. மருத்துவமனையில் மீண்டும் சேர நேர்ந்தவர்களும் அறுவைப் பிரிவில் குறைவு. வேறு வகையில் கூறினால், பதினான்கு பேருக்கு அறுவை செய்தால், பத்தாண்டுக் காலத்தில் அவர்களுள் ஒருவருடைய மரணம் தவிர்க்கப்படுகின்றது. பாதிப் பேர் உயிருடன் இருக்கும் கால அளவு சுமார் ஒன்றரை ஆண்டு நீள்கின்றது.

இதே எண்கள் வேறொன்றையும் மறைக்காமல் கூறுகின்றன. எச்சிகிச்சை பெற்றாலும், இந்நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் பத்தாண்டுகளுக்குள் இறந்துவிட்டனர். மாற்றுவழி அறுவை நலிந்த இருதயத்தைப் புதியதாக்கும் மந்திரமன்று. காலத்தை நீட்டித் தரும் கருவி.

எவருக்கு மிகுந்த பயன்?

சராசரி எண் தனி ஒருவருடைய விதியைக் கூறாது. ஆகவே ஆய்வாளர் நோயாளிகளை வகைப்படுத்தியும் பார்த்தனர். மூன்று தமனிகளிலும் அடைப்பு இருத்தல், வெளியேற்று விகிதம் 27-க்கும் கீழே இறங்கியிருத்தல், இடது கீழறை மிகவும் விரிந்திருத்தல் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் உடையவர்கள் அறுவையால் மிகுந்த பயன் பெற்றனர். நோய் முற்றியவருக்கே ஆதாயம் மிகுதி என்பது முதற்பார்வைக்கு வியப்பாகத் தோன்றும். இழப்பதற்கு மிகுதியாக உள்ள இடத்திலேதான் காப்பதற்கும் மிகுதியாக உள்ளது என்று எண்ணினால் வியப்பு நீங்கும்.

வயதைப் பொறுத்தவரை, எக்காரணத்தாலும் நேரும் மரணத்தைத் தடுப்பதில் இளையவர்களுக்குக் கிட்டிய பயன் முதியவர்களுக்குக் கிட்டியதைவிடப் பெரிது. முதியவர்களுக்கு வேறு நோய்களால் மரணம் நேரும் வாய்ப்பும் சேர்ந்துகொள்வதே இதற்குக் காரணம். மற்றொரு எளிய சோதனையும் பயன்பட்டது. ஆறு நிமிடத்தில் முந்நூறு மீட்டர் நடக்க முடிந்தவர்கள் அறுவையால் நன்மை அடைந்தனர். அவ்வளவு நடக்க இயலாதவர்களிடம் அந்நன்மை தெளிவாகத் தோன்றவில்லை. விலையுயர்ந்த கருவிகள் காட்டாத ஒன்றை, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடக்கும் நடை காட்டிவிடுகின்றது.

உறங்கும் தசை

இரத்தம் குறைந்த தசை இறந்துவிடாமல், வேலையை மட்டும் நிறுத்திக்கொண்டு உறங்குவதுண்டு. இக்கருத்தை 1980-களில் மருத்துவ உலகில் நிலைநாட்டியவர், பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஷாபுதீன் ரஹிம்தூலா ஆவார். உறங்கும் தசை மிகுதியாக உள்ளவருக்கு அறுவை செய்தால் அது விழித்தெழும். இருதயம் வலிவு பெறும். ஆயுளும் நீளும் என்று பலகாலம் எதிர்பார்க்கப்பட்டது. ஸ்டிச் ஆய்வில் 601 பேரிடம் இத்தகைய உயிருள்ள தசையின் அளவு சோதிக்கப்பட்டது. தசை உயிருடன் இருந்தோரிடம் வெளியேற்று விகிதம் உயர்ந்தது உண்மை. ஆனால் அது அறுவை பெற்றவர், பெறாதவர் ஆகிய இரு சாராரிடமும் உயர்ந்தது. அவ்வுயர்வுக்கும் நீண்ட ஆயுளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அறுவையின் நன்மை உயிருள்ள தசை எவ்வளவு என்பதையும் சார்ந்திருக்கவில்லை.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், மாற்றுவழி இருதயத்தின் வலிவைக் கூட்டுவதால் மட்டும் உயிரைக் காக்கவில்லை. திடீர் மரணங்கள் அறுவைப் பிரிவில் குறைந்திருந்தன. எஞ்சியுள்ள தசையை அடுத்த மாரடைப்பிலிருந்து காப்பதே அதன் முதன்மையான தொண்டாக இருக்கக்கூடும். ஆகவே அறுவைக்குப் பின் விகிதம் உயரவில்லை என்று கண்டு, சிகிச்சை வீணாயிற்று என நோயாளி மனம் சோர வேண்டியதில்லை.

விரிந்து தொய்ந்த கீழறையை மாற்றுவழி அமைக்கும்போதே தைத்துச் சிறிதாக்கினால் மேலும் நன்மை உண்டோ என்பதும் 1,000 நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. கீழறையின் கொள்ளளவு குறைந்தது. ஆனால் மரணமோ மருத்துவமனையில் சேருவதோ குறையவில்லை என்று 2009-இல் தெரிவிக்கப்பட்டது.

பலூனும் உலோக வலைக்குழாயும்

மார்பைத் திறவாமல், பலூனால் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாயைப் பொருத்தும் முறை இன்று பெருவழக்காகியுள்ளது. நலிந்த இருதயத்துக்கு இதுவும் அதே பயனைத் தருமா என்று பிரிட்டனில் 700 நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. 2022-இல் வெளியான முடிவின்படி, இறந்தோரும் இருதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தோரும் வலைக்குழாய்ப் பிரிவில் நூற்றுக்கு 37, மருந்துப் பிரிவில் 38. வேறுபாடு இல்லை எனலாம். எனினும் அந்நோயாளிகள் வயதில் மூத்தவர்கள். கண்காணித்த காலமும் சுமார் மூன்றரை ஆண்டே. மாற்றுவழி அறுவையின் நன்மையும் ஐந்தாண்டில் உறுதியாகாமல் பத்தாண்டிலேயே உறுதியாயிற்று என்பதை நினைவிற் கொண்டு இம்முடிவை எடைபோட வேண்டும்.

மருந்தின் இடம்

அறுவை செய்துகொண்டவர் மருந்தை நிறுத்திவிடலாம் என்னும் எண்ணம் மக்களிடையே உள்ளது. இது பெருந்தவறு. ஸ்டிச் ஆய்வில் இரு பிரிவினருக்கும் மருந்து அளிக்கப்பட்டது. மருந்துக்கு மேல் அறுவை என்ன சேர்க்கிறது என்பதே அங்குச் சோதிக்கப்பட்டது. மேலும் அவ்வாய்வு தொடங்கியபின் மருந்துத் துறை முன்னேறியுள்ளது. 2014-இலும் 2019-இலும் வெளியான ஆய்வுகள், நலிந்த இருதயத்துக்கு உதவும் இரண்டு புதிய மருந்து வகைகளைத் தந்தன. அவற்றுள் ஒன்று, நீரிழிவுக்கென உருவாக்கப்பட்டு, நீரிழிவு இல்லாதவருக்கும் பயன்படுவதாகக் கண்டறியப்பட்டது. இம்மருந்துகளும் சேர்ந்த இக்காலத்தில் அறுவையின் மிகுதிப்பயன் முன்போலவே இருக்குமா என்பது இனி ஆராயத்தக்கது.

நம் நாட்டின் நிலை

பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53-ஆம் வயதில் நேருவதாகவும், பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59-ஆம் வயதில் நேருவதாகவும் 2007-இல் வெளியிடப்பட்டது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பருவத்திலேயே நம்மவர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். பத்தாண்டுக் கணக்கு நமக்கு மிகவும் பொருந்துவது இதனாலேயே. 2013-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இருதயச் செயலிழப்புடன் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 72 பேருக்கு இரத்தக் குழாய் அடைப்பு நோய் இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஓராண்டுக்குள் இறந்தனர். இருதயம் நலிந்தவர்களுள், பரிந்துரைக்கப்படும் மூன்று வகை மருந்துகளையும் பெற்று வீடு திரும்பியவர் நூற்றுக்கு 25 பேரே. அறுவைக்கு முன்னரே செய்யக்கூடிய பணி எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை இவ்வெண் உணர்த்தும்.

முடிவாக, நலிந்த இருதயம் என்ற ஒரே காரணத்தால் நோயாளியை அறுவைக்குத் தகுதியற்றவர் என்று தள்ளிவிடலாகாது. தமனி அடைபட்டுள்ளது என்ற ஒரே காரணத்தால் அறுவைக்கு விரைதலும் ஆகாது. நோயாளியின் வயது, அவர் நடக்கும் ஆற்றல், சிறுநீரகம் முதலிய பிற உறுப்புகளின் நிலை, அடைப்பின் இடமும் அளவும், அறுவை நிகழும் மருத்துவமனையின் அனுபவம் ஆகியவற்றை இருதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கூடி ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தினரும் மூன்று கேள்விகளைத் தயங்காது கேட்கலாம்: இந்நோயாளிக்கு முதல் மாதத்தில் உள்ள ஆபத்து எவ்வளவு? பத்தாண்டுக் காலத்தில் எதிர்பார்க்கத்தக்க நன்மை எவ்வளவு? தர வேண்டிய மருந்துகள் யாவும் தரப்பட்டுள்ளனவா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின் எடுக்கும் முடிவு, எதுவாயினும், அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.